இரண்டு அங்குலம் போதும்

அத்தான் எங்கள் வீட்டுக் கதிரையில் முழுதாக இருந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில் கால்வாசி உடம்பை வைத்திருப்பார். மிச்ச முக்கால்வாசியும் எழும்பிப் போக ஆயத்தமாக இருக்கும். அந்தக் கால்வாசியும் இரண்டு நிமிடத்துக்குத்தான். தேத்தண்ணியை நின்றபடியே குடிப்பார். குடித்துக்கொண்டே ஜன்னலடிக்குப் போவார், கதவடிக்கு வருவார், குசினிக்குள் எட்டிப் பார்த்து, "என்ன மச்சாள், இண்டைக்கும் கத்தரிக்காயோ?" என்பார். நான் பதில் சொல்ல வாயெடுக்க முன்னம், "அப்ப நான் வாறன்" என்று படியிறங்கிவிடுவார். சப்பாத்தைக் கழற்றவே மாட்டார். கழற்றினால் திரும்பப் போட நேரம் போகுமாம். ஊரென்றால் வீட்டுக்குள் சப்பாத்தோடு வந்தவரை நான் சும்மா விட்டிருப்பேனா? இத்தாலியில், பலேர்மோவில் விட்டேன். அங்கே சீசா என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு, சொந்தமென்ற உரிமையோடு ஏறிவர அவரை விட்டால் வேறு ஆளில்லை.

அவர் என் பெரியம்மா மகளின் புருஷன். பெயரை நான் ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை; இப்போது எழுதும்போதும் கை வரவில்லை. அத்தான் என்றால் அத்தான்தான்.

தொண்ணூறுகளில் பலேர்மோவில் இருந்த எங்கள் ஆட்களுக்கு ஓட்டம் புதிதல்ல. காலையில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியம்மாவின், வீடு, மத்தியானம் இன்னொரு சிஞ்ஞோராவின் வீடு, பின்னேரம் ஏதாவதொரு கட்டடத்தின் படிகள் என்று எல்லோரும்தான் ஓடினோம். ஆனால் எங்களுடைய ஓட்டம் எங்கேயாவது போய் நிற்கும். அத்தானுடையது நிற்காது. பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால், சாரதியிடம் கெஞ்சிக் கதவைத் திறப்பித்து இறங்கி நடக்கத் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் அதே பஸ் அவரைத் தாண்டிப் போகும். உள்ளே இருந்து நாங்கள் கை காட்டுவோம். அவரும் சிரித்துக்கொண்டே கை காட்டுவார். ஆனால் அடுத்த முறையும் இறங்குவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு மலையேறி, பலேர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியா அம்மாவைக் கும்பிடப் போவார்கள். சைவக்காரர்தான், ஆனாலும் போவோம். நாங்கள் பாதி மலையில் மூச்சு வாங்கும்போது அத்தான் மேலே போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பி எங்களிடம் இறங்கி வந்து, "இன்னும் கொஞ்சம்தான், வாங்கோ" என்று சொல்லி மறுபடி ஏறுவார். குவெஸ்தூராவில், அதாவது எங்களுடைய வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் போலீஸ் அலுவலகத்தில், வரிசையில் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணப் போய், தன்னுடைய இடத்தை விட்டுவிட்டுக் கடைசியில் நின்றவர் அவர். ஒரு தரமல்ல, மூன்று தரம்.

இப்படி ஒரு மனிதனுடைய மனைவியும் பிள்ளையும் வன்னியில் இருந்தார்கள். அவர் நாட்டை விட்டு வரும்போது பிள்ளைக்கு இரண்டு வயது. யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஒன்றாக வெளிக்கிட்ட அந்த இடப்பெயர்வின்போது, அவர் இங்கே ஆறு மாடிப் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அக்கா அவருக்கு எழுதிய ஒரு கடிதம் எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். நானும் வாசித்திருக்கிறேன். உழவு மெஷின் பெட்டியில் ஏறி வந்ததும், வழியில் தண்ணீருக்குள் மெஷின் புதைந்து நின்றுபோனதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்ததும் அதில் இருந்தது. "தண்ணி முழங்காலுக்கு மேலை" என்று ஒரு வரி. அத்தான் அந்த வரியின் கீழ் பேனையால் கோடு போட்டிருந்தார்.

"முழங்காலுக்கு மேலை எண்டால் எவ்வளவு மச்சாள்? இருபது அங்குலம் வருமோ?" என்று என்னிடம் கேட்டார்.

"அதை அளந்து என்ன செய்யப் போறியள்? அது முடிஞ்ச கதை" என்றேன்.

"இல்லை, சும்மாதான் கேட்டனான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலடிக்குப் போனார்.

எனக்கும் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்த யாரோ கொண்டுவந்து தபாலில் போட்ட கடிதம். ஷெல் துண்டொன்று அக்காவின் இடது முழங்காலுக்குள் போய்விட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, காயமும் ஆறிவிட்டது. ஆனால் அந்தக் கால் இனி மடங்காது. நேராக நீட்டியபடியேதான் இருக்கும். இவ்வளவையும் நாலு வரியில் எழுதிவிட்டு, மிச்சப் பக்கம் முழுக்க என்னைக் கெஞ்சியிருந்தாள். "அவரிட்டை மட்டும் சொல்லிப்போடாதை. அவரை உனக்குத் தெரியும்தானே. கேட்ட நிமிசமே பிளேன் ஏறிடுவார். கொழும்பிலை நிண்டு யோசிக்கவும் மாட்டார், நேரை இஞ்சை வரப் பாப்பார். வழியிலை அவருக்கு ஒண்டு நடந்தால் என்ரை பிள்ளைக்கு ஆர்? முருகன் மேலை ஆணை, நீ சொல்லக்கூடாது."

கடிதத்தை நான் மா டின்னுக்குள் வைத்தேன். இவருக்கு, என் புருஷனுக்கு, மட்டும் காட்டினேன். இவர் வாசித்துவிட்டு, "அவ சொல்லுறது சரிதான்" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. எங்கள் ஆட்களின் கடிதங்களில் "நாங்கள் சுகம்" என்பது முதல் வரி. அதற்குக் கீழே வருவதில் பாதி, எதைச் சொல்லாமல் விடலாம் என்று யோசித்து எழுதியது. அத்தானுக்கு வந்த கடிதங்களில் அக்கா எப்போதும் சுகமாகவே இருந்தாள்.

அந்த வருடம்தான் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா ஒரு செய்தி சொன்னார். பலேர்மோவுக்குப் பக்கத்து ஊரான மொன்றியாலேக்கு மேலே மலைச்சரிவில் அவர்களுக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம், அதற்குள் ஒரு வீடு. தோட்டத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளக் குடும்பகாரன் ஒருவன் வேண்டும். ஒப்பந்தம் எழுதித் தருவார், வீட்டில் குடும்பத்தோடு இருக்கலாம். எனக்குக் கையிலிருந்த துடைப்பம் நழுவியது. குடும்பத்தை இத்தாலிக்குக் கூப்பிடுவதென்றால் குவெஸ்தூராவில் கேட்பது இந்த இரண்டையும்தான்: ஒழுங்கான வேலை ஒப்பந்தம், குடும்பம் இருக்கத்தக்க வீடு. அத்தானிடம் இரண்டும் இல்லை. போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் நாலு பேரோடு ஒரு அறையில் படுத்திருந்தார்.

சிஞ்ஞோரா ஒரு நிபந்தனை வைத்தார். தெருவிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டரும் பாதையே அல்ல. கல்லும் பள்ளமும், நடுவில் ஒரு நீரோடையும். முன்பு இருந்தவன் மழைக்காலத்தில் ஒரு கிழமை மேலே அடைபட்டுக் கிடந்து, வெறுத்து விட்டுப் போய்விட்டான். "மழையிலும் ஏறி இறங்கக்கூடிய வண்டி உள்ளவன் வேண்டும். மழை தொடங்க முன்னம் எனக்கு ஏறிக் காட்டச் சொல்" என்றார்.

அத்தானிடம் ஒரு ஜப்பான் பிக்கப் இருந்தது. கட்டட வேலைக்காரர் ஒருவரிடம் வாங்கியது, பழசுதான், ஆனால் நாலு சில்லும் இழுக்கும். அதில்தான் எங்கள் ஆட்களின் வீடு மாற்றங்களும், குளிர்சாதனப் பெட்டிகளும், மெத்தைகளும் போய்வந்தன. அதைக் கொண்டுபோய் மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தார். முதலாவது பெரிய கல்லிலேயே அடிவயிறு தட்டிக்கொண்டு நின்றது. "உயர்த்த வேணும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது.

போர்கோ வெக்கியோவில் மீன் கடைகளுக்குப் பின்னால் ஒரு கராஜ். அதன் சொந்தக்காரரை எல்லோரும் மாஸ்ட்ரோ என்பார்கள். பெரிய வயிறு, அவசரமில்லாத கை. அவர் அத்தானிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்தார். வண்டியை உயர்த்துவதற்கான பெட்டிகள் அதில் இருந்தன: நீளமான ஸ்பிரிங் தகடுகள், அதற்கேற்ற சொக் அப்சோபர்கள், ஆணிகள். இரண்டு அங்குலம் உயர்த்தும் பெட்டி ஒன்று, நாலு அங்குலம் உயர்த்துவது ஒன்று. பிறகு சில்லுகள்: ஒடுக்கமானவை, அகலமானவை, இரும்பு, அலுமினியம். அத்தான் அந்தப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். புத்தகத்தோடு மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு சில்லுகளையும் மூன்று மாடி உருட்டியும் தூக்கியும் கொண்டுவந்தார்.

"பாத்துத்தானே முடிவெடுக்கலாம் மச்சாள்."

அந்த இரண்டு சில்லுகளும் மூன்று கிழமை எங்கள் ஹோலில் இருந்தன. ஒன்று ஒடுக்கமான இரும்புச் சில்லு, மற்றது அகலமான, பளபளக்கிற அலுமினியச் சில்லு. அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு அவற்றைச் சுற்றிச் சுற்றி நடப்பார். காலையில் ஒடுக்கமானது என்பார். "சேத்தை வெட்டிக்கொண்டு கீழை இறுகின நிலத்தைப் பிடிக்குமாம், மாஸ்ட்ரோ சொன்னவர்." பின்னேரம் வந்து, "அகலமானதெண்டால் சேத்துக்கு மேலாலை போகும்" என்பார். இரும்பு நெளிந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், அலுமினியம் வெடித்துவிடும். ஆனால் அலுமினியம் பாரமில்லை. எனக்கே பாடமாகிவிட்டது. நான் கோபத்தில் தோய்த்த உடுப்புக் கூடையைத் தூக்கி அந்த அகலமான சில்லின்மேல் வைத்தேன். அவர் கூடையையும் சேர்த்துச் சுற்றி நடந்தார்.

உயரத்தில்தான் எங்கள் சண்டை. மாஸ்ட்ரோ ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடம்புதான் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சு கல்லில் தட்டாமல் இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பெரிய டயர் போட வேண்டும். இரண்டு அங்குலப் பெட்டியும் ஒடுக்கமான உயர்ந்த டயரும் அந்தப் பாதைக்குத் தாராளம். அதற்கு மேல் போனால் சரிவில் வண்டி சாயும். ஆனால் அத்தானின் விரல் புத்தகத்தில் நாலு அங்குலப் பக்கத்தில்தான் நிற்கும்.

"ரெண்டு அங்குலம் போதும் அத்தான்" என்றேன்.

"உமக்கென்ன தெரியும்? ஓடை பெருகினால்?"

"அக்கா வந்தால் சீலையோடை அதுக்குள்ளை எப்பிடி ஏறுவா? அதை யோசிச்சனீங்களோ?"

அத்தான் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் முகம் முழுக்கப் பையனாகிவிடும். "உம்மடை அக்காவோ? பள்ளிக்கூடத்திலை உயரம் பாயிறதிலை முதலாம் பரிசு எடுத்தவ. நான் அவவை முதல் முதல் கண்டதே அங்கைதான். நாலு அங்குலமெல்லாம் அவவுக்கு ஒரு கணக்கே?"

நான் குசினிக்குள் போய் அடுப்பைக் கூட்டினேன். கண் கலங்கியதை வெங்காயத்தின் மேல் போட்டேன்.

ஆனால் விடவில்லை. அடுத்த முறை, அடுத்த முறை என்று வந்தபோதெல்லாம் "ரெண்டு அங்குலம் போதும்" என்றே அரித்தேன். இவரையும் சொல்ல வைத்தேன். மாஸ்ட்ரோவின் கராஜுக்கே போய், "உயரத்தை அவருக்கு விட்டுவிடாதீர்கள்" என்று சொன்னேன். மழைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அத்தான் கையை விரித்தார். "சரி, உங்கடை கரைச்சல் தாங்கேலாது. ரெண்டு." இரண்டு அங்குலப் பெட்டி, ஒடுக்கமான இரும்புச் சில்லுகள். டயர் அளவை வண்டிப் புத்தகத்தில் பதிவிக்கவும் வரிசையில் நின்றார், இந்த முறை இடத்தை விடாமல்.

வேலை முடிந்த அன்று நாலு சில்லுகளுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். இங்கத்தைய எலுமிச்சை எங்கள் ஊர்த் தேசிக்காய் போலச் சின்னது அல்ல, ஒவ்வொன்றும் உள்ளங்கை நிறைய இருக்கும். "வண்டி முதலில் இந்தப் பழங்களின் மேல் ஏறிப் பழகட்டும்" என்று மாஸ்ட்ரோ சிரித்தார். அத்தான் பொருட்படுத்தவில்லை. அவர் மாஸ்ட்ரோவோடு கதைத்துக்கொண்டு நின்ற நேரம் பார்த்து, நான் வண்டியின் மற்றப் பக்கம் போனேன். இடது காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி, கைகளை ஊன்றி ஏறி இருந்து பார்த்தேன். கஷ்டம்தான். ஆனால் முடிந்தது. முருகா என்று பெருமூச்சு விட்டேன். நான் இறங்கியதும் அத்தான் வண்டியை எடுத்தார், எலுமிச்சம்பழங்கள் நசிந்தன. அடுத்த நாள் சிஞ்ஞோராவை ஏற்றிக்கொண்டு வண்டி எங்கும் தட்டாமல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் கைக்கு வந்தது. அத்தான் மலைக்குக் குடிபோனார். குடும்பத்துக்கான விண்ணப்பமும் குவெஸ்தூராவுக்குப் போனது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் ஆள் அத்தான்.

முதல் பெருமழை அன்று அவர் காஸ் சிலிண்டரோடு மேலே போய்க்கொண்டிருந்தார். ஓடை பெருகியிருந்தது. மலை ஓடை அது. மழை விட்டால் அரை மணித்தியாலத்தில் வடிந்துவிடும். அந்த அரை மணித்தியாலத்தை அத்தானால் காத்திருக்க முடியவில்லை. வண்டியை இறக்கினார். நடு ஓடையில் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றது. சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். தண்ணீர் முழங்காலுக்கு மேலே.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதிரைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. "நாலு போட்டிருந்தால் நிண்டிராது. நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை மறிச்சியள். அவையள் வந்த பிறகு இப்பிடி நிண்டால்? திரும்பவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணிக்குள்ளை நடக்கிறதோ? என்ரை வண்டியிலை இருந்து?" ஜன்னலடிக்குப் போய்த் திரும்பினார். "நான் போறன். டிக்கெட் எடுத்துக்கொண்டு அங்கையே போறன். இஞ்சை இருந்து என்னத்தைக் கிழிச்சனான்."

இவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மா டின்னைப் பார்த்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். எழும்பி ஓட ஆயத்தமாக நிற்கும் மனிதனிடம் எதைச் சொல்வது? அக்கா பயந்தது அப்படியே கண் முன்னால் நின்றது. டின்னை உள்ளே தள்ளி வைத்தேன்.

மாஸ்ட்ரோ அவரிடம், "அது உயரத்தின் பிழையில்லை, கால்மா, கால்மா, பொறுமை. அரை மணித்தியாலம் நீ நின்றிருக்க வேண்டும்" என்று சொன்னாராம். அத்தான் கேட்கவில்லை. நாலு அங்குலப் பெட்டியும், அதற்கேற்ற இன்னும் பெரிய சில்லுகளும் வந்தன. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், எனக்கு வேலை லீவு, கராஜுக்குப் போனேன். வண்டி நின்ற நிலையைப் பார்க்கவே பயமாக இருந்தது. கதவடி என் இடுப்பளவில் இருந்தது. மாஸ்ட்ரோவின் முன்னாலேயே காலை விறைத்துக்கொண்டு ஏறப் பார்த்தேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். முடியவில்லை. மாஸ்ட்ரோ கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "சிஞ்ஞோரா, காலில் என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அத்தான் சந்தையிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு வந்தார். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து அவருடைய பக்கம் போனேன். அவர் வண்டியின் கதவைத் தட்டி, "இனி ஒரு தண்ணியும் எங்களை மறிக்காது மச்சாள்" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தப் பையன் சிரிப்பு. "வடிவாய் இருக்கு அத்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

பங்குனியில் விசா கிடைத்தது. அக்காவும் பிள்ளையும் ரோமுக்கு வந்து இறங்கும் நாளில்தான் அத்தானுக்குக் குவெஸ்தூராவில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும் தவணை. அதைத் தவறவிட்டால் எல்லாமே போய்விடும். அதனால் இவர்தான் ரோமுக்குப் போனார். நாப்போலியிலிருந்து கப்பலேறி அடுத்த நாள் காலை பலேர்மோ துறைமுகத்துக்கு வருவதாக ஏற்பாடு.

அன்று காலை அத்தான் வண்டியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, துறைமுக வாசலுக்கு வெளியே நிறுத்தி, நாலு சில்லுக்கும் பழம் வைத்திருந்தார். கப்பலைக் கரையோடு கட்டுவதற்குள் ஐம்பது தரம் நடந்திருப்பார். பெரிய கப்பல்; ஆட்கள் இறங்கி முடிய நேரமெடுத்தது. முதலில் இவர் பெட்டிகளோடு தெரிந்தார். பிறகு பிள்ளை, ஒன்பது வயசு, இரட்டைப் பின்னல். பிறகு அக்கா. ஒரு கையில் தடி. மற்றக் கை கம்பியில். ஒவ்வொரு படிக்கும் இடது காலை நேராக நீட்டி, அதைக் கீழே வைத்து, பிறகு மற்றக் காலைக் கொண்டுவந்து வைத்தாள்.

அத்தான் நடப்பது நின்றது.

அவர் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு நாலு பேர் முன்னால் அந்தப் பழக்கம் இல்லை. அக்கா கிட்ட வந்து, "மெலிஞ்சு போனியள்" என்றாள். அவர் தலையாட்டினார். அவருடைய கண் அக்காவின் காலிலேயே நின்றது. பிள்ளை அவரைப் பார்த்து வெட்கப்பட்டு இவருக்குப் பின்னால் போனது. பிறகு வண்டியைக் கண்டதும் வெட்கமெல்லாம் போய், சில்லில் கால் வைத்து ஒரே தாவலில் ஏறி உள்ளே இருந்துகொண்டு, "அம்மா, ஏறுங்கோ! இதிலை இருந்தால் எல்லாம் தெரியுது!" என்று கத்தியது.

அக்கா கதவடியில் வந்து நின்றாள். கையை வைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். கையை எடுத்தாள்.

"நான் தூக்கி ஏத்திறன்" என்றார் அத்தான், மிக மெதுவாக.

"வேண்டாம். ஆக்கள் பாக்கினம்."

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். "மச்சாள், உமக்கு இது முதலே தெரியுமோ?"

"ஓம்."

"அதுதான் ரெண்டு அங்குலம் எண்டு நிண்டனீர்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கு இப்போதுதான் விளங்கியது போல, தனக்குத்தானே சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது, வெங்காயம் ஒன்றும் தேவைப்படவில்லை.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் தரிப்புக்கு நடந்தோம். பத்து நிமிட நடை, முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அக்காவின் தடி ஊன்றும் பக்கத்தில் அத்தான், அவளுடைய அடிக்கு ஒரு அடி. முன்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் அக்காவை முன் இருக்கையில் காலை நீட்டி இருத்தி, பக்கத்தில் தானும் இருந்தார். நடுவழியில் பஸ் நெரிசலில் நின்றது. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் எழும்பவில்லை. பின்னேரம் இவர்தான் போய் வண்டியை எடுத்து வந்தார்.

மலைக்குப் போகாமல் இரண்டு கிழமை எங்கள் வீட்டில் இருந்தார்கள். அத்தான் அக்காவைக் குசினிக் கதிரையில் இருத்தி, கீழே பலகை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, அவளுக்கு நோகாத உயரத்தை ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தார். அந்தக் கயிற்றோடு கராஜுக்குப் போனார். மாஸ்ட்ரோ கயிற்றை வண்டிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இரண்டு அங்குலமும் கூடாது. பழைய ஸ்பிரிங், பழைய சில்லு. வாங்கினபோது இருந்த உயரம்" என்றார். "பாதை?" என்றும் கேட்டார்.

"பாதையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம் அத்தான்.

பார்த்துக்கொண்டார். அந்தக் கோடை முழுவதும் அதுதான் வேலை. தோட்டத்து வேலை முடிந்ததும் அலவாங்கோடும் மண்வெட்டியோடும் பாதையில் இறங்கிவிடுவார். நீட்டிக்கொண்டிருந்த கல்லை உடைத்தார், உடைத்த கல்லால் பள்ளத்தை நிரப்பினார். மாஸ்ட்ரோவின் மருமகன் சீமெந்துக் குழாய்கள் கொண்டுவந்து கொடுக்க, ஓடைக்குள் அவற்றைப் போட்டு மேலே கல்லும் மண்ணும் இறுக்கினார். இரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு நிமிடம் இருக்க மாட்டாத மனிதன், ஒரு பள்ளத்தடியில் ஒரு முழுநாள் குந்தியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் வந்தால் அக்கா வீட்டுவாசலில் இருந்து, "சாப்பாடு ஆறுது" என்று கூப்பிடுவாள். "இந்தா வாறன்" என்பார். அந்த "வாறன்" மட்டும் மாறவே இல்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் மேலே கூட்டிப் போனார். அக்கா முன் இருக்கையில் முதலில் பின்பக்கமாக இருந்து, பிறகு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். யாரும் கை கொடுக்கவில்லை, தேவையும் இல்லை. பின்பெட்டியில் நானும் இவரும் பிள்ளையும். மழை பெய்துகொண்டுதானிருந்தது. வண்டி மெல்ல மெல்ல ஏறியது. ஒரு கல் தட்டவில்லை. ஓடையடியில் குழாய்களுக்குள்ளால் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. மேலே பாதையில் ஒரு விரல் அளவுக்கு மட்டும் வழிந்தது. அத்தான் வண்டியை நிறுத்தினார். மழைக்குள் இறங்கி அந்த வழிந்த தண்ணீரில் போய் நின்றார். குனிந்து பார்த்தார்.

"என்னத்துக்கு இறங்கினனீங்கள்? நல்லாய்த்தானே இருக்கு" என்று அக்கா கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

அத்தான் நனைந்துகொண்டே நிமிர்ந்தார். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இதிலை மட்டும் இன்னும் ரெண்டு அங்குலம் உயர்த்த வேணும், மச்சாள்."